பம்பரம் பழச்சாறு பிழிந்த வரலாறு

பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், படுக்கை விரிப்புகளும் துவாலைகளும் ஓயாமல் சுழலும் சலவைக்கூடத்தில், மிஷின்களோடு ஒரு மிஷினாகச் சுழன்றுகொண்டிருந்த மனிதருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர் யார் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. பெயர் பொருத்தமா என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. ஐம்பதைத் தாண்டியும் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் குறைவு. தட்டைக் கையில் ஏந்தியபடி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே உலாவிக்கொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவார். பேப்பர் படித்தால் கால் ஆடும். தூங்கினால் கட்டைவிரல் ஆடும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் மனைவி கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பிரித்து, "பாருங்க, எல்லாருக்கும் ஒரு தலை, இவருக்கு மட்டும் ரெண்டு" என்று காட்டுவாள். அசைந்ததில் படம் கலங்கிவிட்டது.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகளுக்குத் தாடை உடைந்தது.

மகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேருக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்த அந்த வீராங்கனை, நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கையில், ஸ்டாண்டு மடங்கிக் குப்புற விழுந்தாள். டாக்டர் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி அனுப்பினார். வாய் திறக்காது. பேச்சு வரும், ஆனால் எல்லாமே பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும். "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்று கேட்டால்கூட யாரையோ பழிவாங்கக் கிளம்புகிறவள் மாதிரி இருந்தது. சாப்பாடு முழுக்க உறிஞ்சுகுழலில். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் எல்லாருக்கும் ஒரு சின்னச் சந்து உண்டு. அந்தச் சந்து வழியாகத்தான் அவள் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

முதல் வாரம் பாலும் கஞ்சித் தண்ணீரும் இறங்கின. அடுத்த வாரம் பால் வாசனை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடையும் இறங்கியது.

"சனிக்கிழமை வாங்க," என்றார் டாக்டர். "அன்னிக்கும் எடை குறைஞ்சிருந்தா மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் போட வேண்டியதுதான். வெறும் பால் பிடிக்கலன்னா பழச்சாறுல கலந்து குடுத்துப் பாருங்க. கடையில வாங்காதீங்க, வாயில புண் இருக்கு. வீட்டுலயே சுத்தமாப் பண்ணுங்க."

மூக்கில் குழாய் என்று கேட்டதும் மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்ட பம்பரத்துக்கு ஆஸ்பத்திரிப் படியில் கால் நிற்கவில்லை. இரண்டு இரண்டு படியாகத் தாவி, நேரே பழக்கடைக்குப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார். கொய்யா, அன்னாசி, மாம்பழம், பப்பாளி, தர்பூசணி. பிழிவதற்கு வீட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி, பைகளை இறக்கி வைத்த பிறகுதான் எழுந்தது.

ஒன்றும் இல்லை. ஜூஸர் என்பது அந்த வீட்டில் என்றுமே இருந்ததில்லை. மிக்ஸி இருந்தது. அதன் சத்தம் அபஸ்வரமாக இருப்பதாகக் கருதிய பம்பரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து மேய்ந்தார். மறுபடி மூட்டியபோது சில திருகாணிகள் மிஞ்சின. அவை தொடக்கத்திலிருந்தே தேவையற்றவை என்று அறிவித்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினார். புகை வந்தது.

"போய் ஒரு ஜூஸர் வாங்கிட்டு வந்துடலாமா?" என்றாள் மனைவி, மனசில்லாமல்.

"வேண்டாம்மா," என்றாள் மகள். "பக்கத்து வீட்டுல மிக்ஸி போட்டாலே எனக்குத் தாடையெல்லாம் கூசுது. இதுல நம்ம வீட்டுக்கு ஒண்ணு வந்தா அப்பா அதைப் பிரிக்காம விடுவாரா?"

"ஒரு பழத்தைப் பிழியறதுக்கு மிஷினா?" என்று பம்பரம் கையை உதறினார். "தினமும் ஒரு லாரித் துணி பிழியறவன் வீட்டுல? தள்ளுங்க."

முதல் பலி கொய்யா. அதைத் துண்டுபோட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, சுத்தியலால் அடித்தார். நாலாவது அடியில் பை வெடித்தது. கொய்யா எங்கே போயிற்று என்று சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருந்தபோது, புழுக்கம் தாங்காமல் மனைவி மின்விசிறியைப் போட்டாள். எங்கே போயிற்று என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"நல்லா இருக்குங்க, ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் மனைவி, காதிலிருந்து கொய்யாவை எடுத்தபடி. "பந்தி பரிமாறிட்டீங்க."

தரையில் தப்பியதை அவர் அள்ளவில்லை. சுத்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார் அல்லவா? புதிதாகக் கொய்யா நறுக்கி, கையாலேயே பிசைந்து, தேநீர் வடிகட்டியில் போட்டு, பொறுமை என்ற சொல்லையே கேள்விப்படாத ஒரு கரண்டியால் குத்தினார். வடிகட்டி ஓட்டையானது. விதையும் சாறும் கைகோத்து இறங்கின. மகள் குழலை வைத்துக் கண் பிதுங்க உறிஞ்சினாள். குழல் அடைத்துக்கொண்டது. ஒரு விதை மட்டும் எப்படியோ முன்னேறிப்போய்ப் பல்லுக்கும் கம்பிக்கும் இடையில் உட்கார்ந்துகொண்டது. மனைவி டார்ச் அடித்து, பஞ்சுக் குச்சியால் அதை வெளியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, பொழுது சாய்ந்துவிட்டது.

இதற்கெல்லாம் மகள் சோபாவில் படுத்தபடி சாட்சியாக இருந்தாள். அப்பா சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் அவளுடைய வலது கால் தன்னால் தரையை அழுத்தியது. பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. சோபாவில் இல்லை.

மறுநாள் காலை பம்பரம் அன்னாசியோடு வேலைக்குப் போனார்.

சலவைக்கூடத்தில், துவைத்த துணியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எறிய ஓர் உருளை மிஷின் உண்டு. அது சுழல ஆரம்பித்தால் நனைந்த போர்வை பத்து நிமிஷத்தில் பப்படமாகிவிடும். போர்வையிலிருந்து தண்ணீர் வரும் என்றால் அன்னாசியிலிருந்து சாறு ஏன் வராது? உலகத்தில் இதுவரை எவருக்கும் தோன்றாத இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதற்குக் காரணம், உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் வேறு எங்கோ வேலை பார்க்கிறார்கள் என்பதுதான். பொடிப்பொடியாக நறுக்கிய அன்னாசியைப் புதுத் தலையணை உறையில் போட்டு இறுகத் தைத்தார். உருளையில் வைத்து மூடினார். கழிவுக் குழாயின் வாயில் கழுவித் துடைத்த வாளியை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

சாறு வந்தது. வந்தே விட்டது! மஞ்சளாக, நாரில்லாமல், விதையில்லாமல், கண்ணாடி மாதிரி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி டம்ளரில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோனது அங்கேயே நின்றது.

"பூ வாசனை வருதே?"

"அது... துணி மிருதுவா இருக்கறதுக்குப் போடற திரவம். குழாய்ல கொஞ்சம் தங்கியிருக்கும்."

"ஓ. குடிச்சா குடல் மிருதுவாயிடுமா?"

"ஒரு வாய் நான் குடிச்சுப் பாக்கறேன்."

"ஒண்ணும் வேண்டாம். ஏற்கெனவே ஒரு ஆளைக் குழல்ல வளக்கறேன்."

வாளியைத் தொட்டியில் கவிழ்த்தாள். நுரை பொங்கியது.

சாயங்காலம் மேற்பார்வை பார்க்கும் அம்மாள் சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்தாள். வயதில் அவரைவிடச் சிறியவள், பதவியில் பெரியவள். அந்த இரண்டையும் சமன்படுத்த அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, நாலாவது மாடியில ஒருத்தர் போன் பண்ணினார். தலையணையில எறும்பு வரிசையாப் போகுதாம்."

"எறும்பா? நம்ம துணியிலயா?"

"அன்னாசி வாசனை வேற வருதாம். ஸ்பெஷலா எதுவும் தெளிச்சீங்களான்னு கேக்கறார். அவருக்குப் பிடிச்சிருக்காம். எறும்புக்கும் பிடிச்சிருக்கு. எனக்குத்தான் பிடிக்கல."

பம்பரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்று, முழுக் கதையையும் சொன்னார். கேட்டு முடித்த அம்மாள் மிஷினைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"பொண்ணு எதுவும் குடிச்சாளா?"

"இல்லம்மா."

"சனிக்கிழமை வரைக்கும் லீவு எடுத்துக்குங்க. கூட இருந்து பாத்துக்குங்க. அவளும் தேறுவா, என் மிஷினும் தேறும்."

நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால் அதன் விளைவை அந்த வீட்டில் இருந்தவர்கள் அனுபவித்தார்கள். காலையில் எழுந்ததும், "ஏதாவது குடிக்கறியாம்மா?" காய்ச்சின தண்ணீரைக் கொண்டுவந்து, "ஒரு வாய்?" ஜன்னலைத் திறப்பார், "காத்து வந்தா பசிக்கும்." மூடுவார், "வெயில் வந்தா வாடிடும்." அவள் கண்ணயர்ந்தால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். விழித்துக்கொண்டவளின் முகத்துக்கு நேரே ஒரு டம்ளர் நிற்கும். அவள் குடிக்கவில்லை. குடிக்கப் போகும்போதெல்லாம் ஒரு ஆள் எதிரே நின்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் இறங்கும்?

"ஏங்க, கொஞ்சம் மொட்டை மாடிக்குப் போய்ச் சுத்துங்களேன்," என்றாள் மனைவி.

"கீழே ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நீங்க மேல இருந்தா என்ன ஆகப் போகுது?"

வியாழக்கிழமை மத்தியானம் அவர் தர்பூசணிக்கு வந்து சேர்ந்தார். விதை நீக்கிப் பிசைந்து, வெந்நீரில் அலசிய மெல்லிய வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, சமையலறைக் குழாயில் தொங்கவிட்டு, அடியில் பாத்திரம் வைத்தார். அதுவரை சரி. சொட்டு சொட்டாக இறங்க ஆரம்பித்தது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பம்பரம் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கூடத்துக்குப் போனார், திரும்பி வந்தார். மூட்டையை லேசாகத் தட்டினார். லேசாக அமுக்கினார். பிறகு துணி பிழிகிற இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். முடிச்சு அவிழ்ந்தது. சமையலறை சிவந்தது.

சோபாவில் தரையை அழுத்தி அழுத்திக் கால் சலித்தவள் எழுந்து வந்துவிட்டாள்.

"தள்ளுங்கப்பா."

"நீ படும்மா, நான்..."

"தள்ளுங்கன்னா!" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வேறு எப்படியும் சொல்ல முடியாதுதான். ஆனால் இந்தத் தடவை அப்படியே அர்த்தம். "இப்படி வண்டி ஓட்டினா முதல் திருப்பத்துலயே சுவத்துல விட்டிருப்பீங்க. கையைக் கழுவுங்க. இந்த மாம்பழத்தை எடுங்க. அடிக்காதீங்க! உள்ளங்கையில வெச்சு மேஜை மேல உருட்டுங்க. மெதுவா. கிளட்ச் விடற மாதிரி."

"எனக்குக் கிளட்ச்சே தெரியாதே."

"அதான் தெரியுதே. உருட்டுங்க. உள்ள எல்லாம் குழைஞ்சதும் கை சொல்லும். போதும். இப்போ காம்பை மட்டும் கிள்ளுங்க. அமுக்குங்க. கீழேர்ந்து மேல. நடுவுல கியர் மாத்தாதீங்க!"

மாம்பழம் தன் தோலுக்குள்ளேயே கூழாகி, கிள்ளிய வாய் வழியாகக் கிண்ணத்தில் தங்க நிறத்தில் இறங்கியது. கொட்டை தோலோடு தங்கிவிட்டது. அந்தக் கூழைச் சல்லடையில் கரண்டியின் பின்பக்கத்தால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வைத்தாள். நார் மேலே நின்றது. காய்ச்சி ஆறின பாலை ஊற்றிக் கலக்கி, மறுபடி துணியில் வடித்தாள். இந்த முறை முறுக்க யாரையும் விடவில்லை.

"குழல்ல போகுமான்னு பாக்கணும்," என்றாள், வேலை மும்முரத்தில். உறிஞ்சினாள். "கெட்டியா இருக்கு. இன்னும் பால்." உறிஞ்சினாள். "இப்போ பரவாயில்ல. ஒரு நார் வருது. இன்னொரு தடவை வடிங்க." உறிஞ்சினாள்.

பப்பாளியைக் கரண்டியால் சுரண்டிச் சல்லடையில் தேய்த்தார்கள். அதையும் அவளே குழலில் ஓட்டிப் பார்த்தாள். நறுக்காமல் மிஞ்சியிருந்த தர்பூசணியைப் பிசைந்து மறுபடி மூட்டை கட்டித் தொங்கவிட்டு, அப்பாவைச் சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று கூடத்தில் நிறுத்தினாள். அவர் கூடத்தில் நின்றபடி, "சொட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "சொட்டுது." "இப்போ?" "அப்பா!"

கிண்ணங்களைக் கழுவ எடுத்தபோதுதான் மனைவி கவனித்தாள். எல்லாம் காலி. சரி பார்த்துப் பார்த்தே மகள் எல்லாவற்றையும் குடித்து முடித்திருந்தாள். கணவரைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். சொன்னால் நின்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம். பம்பரத்துக்கு அதைச் சொல்லாமல் இருப்பது கொய்யாவைவிடக் கஷ்டமாக இருந்தது. வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமையும் பாடம் நடந்தது. மாணவர் தேறவில்லை. மகள் திட்டிக்கொண்டே ஓட்டிப் பார்த்தாள், ஓட்டிப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்க, மகள் எடைப் பலகைமேல் ஏறி நின்றாள். முள் ஆடியது, நிற்கவில்லை. நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"சார், உங்க காலை எடுங்க."

பம்பரம் எட்டிப் பார்க்கிற வேகத்தில் ஒரு காலைப் பலகை ஓரத்தில் வைத்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க." காலை எடுத்தவர், மகள் தடுமாறாமல் இருக்கட்டும் என்று தோளைப் பிடித்தார்.

"கையையும் எடுங்க சார். வெளிய நில்லுங்க. சார், கதவைச் சாத்திட்டு!"

நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவர் நடந்த நடையில், வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளின் தலைகள் எல்லாம் சேர்ந்து இடமும் வலமுமாகத் திரும்பின. மூடிய கதவில் காதை வைத்தார். உள்ளே டாக்டரின் குரல். காகிதம் புரளும் சத்தம். பிறகு எதுவுமே இல்லை. மூக்கில் குழாய் போட எவ்வளவு நேரமாகும்? இப்போதே போடுகிறார்களோ? கதவைத் தட்டக் கை ஓங்கியபோது கதவு திறந்து, கை மனைவியின் நெற்றிக்கு நேரே நின்றது.

பின்னால் மகள் வந்தாள். மூக்கில் ஒன்றும் இல்லை.

"குழாய் வேண்டாமாம்பா," என்றாள். "எடை கொஞ்சம் ஏறியிருக்கு. இப்படியே ஓட்டச் சொன்னார். கம்பி மட்டும் இன்னும் மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரமா!" என்றார் பம்பரம். அவ்வளவுதான். ஆளைக் காணோம். படிகளில் தடதடவென்று சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா போறார்?"

"வேற எங்க? பழக்கடைக்கு."

"நம்மளை விட்டுட்டா?"

"நீ பொறக்கறப்போ டாக்டரைக் கூட்டிட்டு வரேன்னு ஓடினவர், டாக்டர் வந்தப்புறம்தான் வந்தார்," என்றாள் அம்மா, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "வா, ஆட்டோ பிடிப்போம்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பிக்குள் சிரிப்பது வலித்தது. கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, சிரிக்க வைக்காதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தபடி படியிறங்கினாள்.