மலை மேலிருந்து பட்டணம் பார்த்தேன்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தை விட்டுத் திருத்தணிக்கு ஓடி வந்த நாங்கள், இன்று மலையேறினோம். மேலிருந்து பட்டணம் தெரியும் என்று சொன்னவன் நான்தான்.

வீடு தப்பிக்க வேண்டுமென்று படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினாள் என் மனைவி.

உச்சியில் நின்று தூரத்துப் புகையைக் காட்டினேன். "அது நம்ம பேட்டை மில்லு. சிம்னி புகையுது. அப்போ ஊரு பத்திரமா இருக்குது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூ விற்ற அம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: "அது அரக்கோணங்க. ரயிலு புகை. பட்டணம் இந்தாண்ட கீது."

அவள் கை காட்டிய கிழக்கில் வெறும் வானம்தான்.

"பாத்தியா, துளி புகை இல்ல. எதுவும் எரியல," என்றேன் மனைவியிடம்.

பட்டணத்திலேயே தங்கிவிட்ட நண்பர்களே, எங்கள் வீடு நிற்கிறதா என்று ஒரு கார்டு போடுங்கள். நான் சொன்னது சரிதான் என்று அவளிடம் காட்ட வேண்டும்.