கன்னத்து மச்சமும் கணவரின் கைவண்ணமும்

பிழைக்கப் போன வெளிநாட்டில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஒரு போட்டோ கடையில் அவர் வேலை பார்த்தார். பாஸ்போர்ட், விசா, அடையாள அட்டை என்று அரசாங்கத்துக்குக் கொடுக்கிற படங்கள்தான் அங்கே முக்கிய வியாபாரம். காலையில் கடை திறந்ததிலிருந்து அவர் வாயில் ஒரே வசனம்: "சிரிக்காதீங்க." அதுவே பட்டப்பெயராகி, அந்தத் தெருவுக்கே அவர் 'சிரிக்காதீங்க அண்ணன்' ஆனார். எதிர்க்கடையில் சாவி செய்யும் பெரியவர்கூட அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெரியவருக்கு வயது எழுபது.

"நான் எடுத்த படம் எந்த ஆபீஸ்லேருந்தும் திரும்பி வந்ததில்ல" என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது மழைக்காலத்தில்தான் வாய். இவருக்கு வருஷம் முழுக்க.

முப்பத்தாறு வயதில், லீவில் ஊருக்குப் போனபோது, ஒருவழியாகக் கல்யாணம் ஆயிற்று. மனைவிக்கு ஊரில் ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் பதிவு அலுவலகத்தில் வேலை. அவளை அழைத்துக்கொள்ள விசாவுக்கு எழுதிப்போட வேண்டும். அதற்குப் படம் வேண்டும். லீவு முடிவதற்குள் வீட்டு பீரோமேல் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, முன்னால் ஸ்டூல் போட்டு, அவளை உட்கார வைத்துப் பழக்க தோஷத்தில் "சிரிக்காதீங்க" என்றார்.

கட்டிய புருஷன் திடீரென்று மரியாதை கொடுத்ததில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் அடங்கி ஒழுங்காக ஒரு படம் எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

திரும்பி வந்து விண்ணப்பத்தோடு அனுப்பும் முன் கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். விசா படத்தில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியவரே அவர்தான். ஆனால் கல்யாணப் படங்களுக்கு மெருகேற்றுவதும் அவர் வேலை. கைக்கு எது எந்தப் படம் என்று தெரியவில்லை. முதலில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியது. பிறகு நெற்றியில் பறந்த ஒரு முடியை எடுத்தது. அப்படியே இறங்கி வந்து, இடது கன்னத்தில் மிளகு அளவில் இருந்த மச்சத்தையும் துடைத்துவிட்டது. படம் பளிச்சென்று இருந்தது. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சில மாதங்கள் கழித்து அவளை ஊரிலிருந்த விசா அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் போன் வந்தது.

"என்னங்க, உங்களுக்கு வேற எங்கயாவது சம்சாரம் இருக்காங்களா?"

"என்ன பேச்சு இது?"

"அந்த ஆபீசர் அம்மா கம்ப்யூட்டரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மறுபடி கம்ப்யூட்டரைப் பாத்தாங்க. 'இது உங்க தங்கச்சியா?'ன்னு கேட்டாங்க. எனக்கு ஏதுங்க தங்கச்சி? என் மச்சம் எங்க போச்சு?"

"அது... வெளிச்சத்துல மறைஞ்சிருக்கும்."

"வெளிச்சத்துல மறையறதுக்கு அது என்ன நட்சத்திரமா?"

அதற்குமேல் புளுக முடியவில்லை. உண்மையைச் சொன்னார்.

"பிடிக்கலேன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். "இனிமே ஏதாவது சொல்லணும்னா எங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

அன்றிலிருந்து குடும்பம் நடந்தது மாமியார் வழியாக. "மாப்பிள்ளை, அவ சாப்பிட்டாளாம். நீங்க சாப்பிட்டீங்களான்னு அவ கேக்கல, நான்தான் கேக்கறேன்."

அடுத்து, அவர் இருந்த நாட்டின் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது: புதுப் படம் வேண்டும், படத்தைத் திருத்தியதற்கு விளக்கம் வேண்டும், கணவர் நேரில் விசாரணைக்கு வர வேண்டும். முதலாளி அதைப் படித்துவிட்டுக் கல்லாமேல் கவிழ்ந்து சிரித்தார். "ஏம்பா, கஸ்டமர் ஒரு பருவை எடுக்கச் சொன்னா சட்டம் பேசுவியே! சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதான்யா."

விளக்கம் எழுத உட்கார்ந்தார். 'அழகுக்காக' என்று எழுதினால் அவள் அழகில்லை என்று ஆகும். 'தூசு என்று நினைத்து' என்றால், பொண்டாட்டி கன்னத்து மச்சத்துக்கும் தூசுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எதற்குப் பொண்டாட்டி என்று கேட்பார்கள். கடைசியில், 'தொழில் பழக்கத்தில் கை தவறிவிட்டது. புத்தி என்னுடையது, மச்சம் அவளுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அதிகாரி சிரிக்கிற ரகமாகத் தெரியவில்லை.

"மச்சம் எந்தக் கன்னத்துல?"

"வலது. இல்ல சார், இடது."

"எது?"

"கேமரா பக்கத்துலேருந்து பாத்தா வலது சார். அவங்க பக்கத்துலேருந்து பாத்தா இடது."

அதிகாரி பேனாவை வைத்தார். "கேமரா இல்லாம உங்க மனைவியைப் பாத்திருக்கீங்களா?"

'பாத்திருக்கேன் சார்' என்று சொல்லிவிட்டார்தான். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தது. லீவு முழுக்க ஜன்னலோரம், மாடிப்படி, வாசல் என்று அவளை நிற்கவைத்துப் படம் எடுத்ததுதான் ஞாபகம் வந்தது. சும்மா உட்கார்ந்து பேசியது குறைவு. நல்ல மாப்பிள்ளை!

தான் தங்கியிருந்த அறைக்கு வந்ததும் மாமியாருக்குப் போன் செய்தார். "அத்தை, நான் பேசறதை நீங்களும் கேட்டாலும் பரவாயில்ல. போனை அவகிட்ட குடுங்க."

அவள் வாங்கினாள்.

"பிடிக்காம எடுக்கலம்மா. இங்க யாரும் உன் மூஞ்சியில ஒரு குறை சொல்லிடக் கூடாதேன்னு உள்ளுக்குள்ள இருந்திருக்கு போல. யாரும் சொல்லல. நான்தான் முதல் ஆளா சொன்ன மாதிரி ஆயிடுச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"ஆபீசர்கிட்ட எந்தக் கன்னம்னு சொன்னீங்க?"

"ரெண்டு கன்னமும் சொன்னேன்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். பின்னால் மாமியார் அடக்கவே இல்லை.

புதுப் படத்தை அவள் தன் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் எடுத்து அனுப்பினாள். தலை சாய்ந்திருந்தது, ஒரு காது இருட்டு, மூஞ்சி மஞ்சள். அவர் கணக்குப்படி ஏழு ஜென்மத்துக்கும் தேறாத படம். மச்சம் மட்டும் ஜம்மென்று இருந்தது. படம் ஒரு கேள்வியும் இல்லாமல் தேறியது; விசாவும் வந்தது.

அவள் வந்து இப்போது ஒரு வருஷம் ஆகிறது. வந்த அன்றே கேமராவைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். அதன் முன்னால் உட்கார மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் ஊருக்கு அனுப்புகிற படங்களில் எல்லாம் அவர் தனியாக, கொஞ்சம் தொப்பையோடு, பாலத்துப் பக்கமும் பூங்காவிலும் நிற்கிறார். போன வாரம் அவருடைய அம்மா போனில் கவலையாகக் கேட்டாள்: "ஏண்டா, மருமக அங்க வந்துட்டாதானே?"