நாலு நிமிட நடவு

மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதை எங்கள் ஊருக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தது வானொலிதான். பஞ்சாயத்து ஆபீசில் பூட்டிய மரப்பெட்டிக்குள் ரேடியோ, வெளியே கம்பத்தில் குழாய். கிளார்க் பெட்டியைத் திறந்தால் நீர்மட்டம் வரும், நெல் விலை வரும், குருத்துப்பூச்சிக்கு மருந்து வரும். காற்று திரும்பினால் வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெருவுக்கும் வரும்.

விவசாய நிகழ்ச்சி தொடங்கிய புதிதில் நான் அந்த வானொலி நிலையத்தில் தற்காலிக உதவியாளன். எங்கள் தெருவில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள். நிகழ்ச்சி முழுக்க ஆண்கள் பேசினார்கள். யூரியா பேசினார்கள், ஆடுதுறை இருபத்தேழு என்ற புது நெல் பேசினார்கள், பேசிப் பேசி ஓய்ந்தார்கள். கேட்கிறவன் காலில் கொஞ்சம் சேறு ஒட்ட வேண்டாமா என்றார் அதிகாரி. யாராவது நடவுப் பாட்டு பாடுவார்களா?

என் அம்மா பாடுவாங்க சார் என்றேன். என் வாய்தான் சொன்னது.

அம்மாவுக்கு ஊரில் பெயர் முதல் கை. வயலின் வடகிழக்கே, சனி மூலையில், அவள் முதல் நாற்று முடியைப் பிரித்து நட்ட பிறகுதான் எந்த வயலிலும் மற்றவர்கள் இறங்குவார்கள். பண்ணை வயலானாலும் அப்படித்தான். யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் மீறியதுமில்லை.

அந்த ஆனியில் நடவு நின்றிருந்தது. கூலி நெல்லில் அரைப் படி கூட்டித் தராமல் பண்ணை வயலில் கால் வைப்பதில்லை என்று எங்கள் கூலியாட்கள் சங்கம் முடிவெடுத்திருந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. பண்ணை லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் மூன்று நாளாகக் களத்துமேட்டில் பண்ணைச் சோற்றைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர்க் கை படாத வயலில் இறங்குவது, அடுத்தவள் வீட்டுக்குள் புகுந்து அடுப்புப் பற்றவைக்கிற மாதிரி என்றார்களாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதிகாரியோடு ஜீப்பில் போய் இறங்கினேன், மடியில் டேப் ரெக்கார்டரோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

பள்ளிக்கூடத்தில் அம்மாவோடு சேர்த்து ஆறு பெண்களை நிறுத்தினோம். பெரிய டாக்டர் முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பாட்டு வரவில்லை, இருமல்தான் வந்தது. அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நிமிந்து நின்னா எப்பிடிடா பாட்டு வரும்?" என்றாள் அம்மா. "குனிஞ்சாத்தான் வரும்."

உழுது பரம்படித்துத் தண்ணீர் கட்டிய வயல் சாலையோரம் ஒன்றுதான் இருந்தது. பண்ணை வயல். வரப்பில் குடையோடு நின்ற பண்ணைக் காரியக்காரர் அன்றைக்கு அவ்வளவு தன்மையாகப் பேசினார். ஒரு ஓரமாக இறங்கிப் பாடிக்கொள்ளலாம், நாலு முடி நாற்று தானே தருவதாகச் சொன்னார். பெண்கள் நகரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"எறங்கலாமாடா? நீ படிச்சவன், சொல்லு."

"பாட்டுக்குத்தாம்மா. வேலைக்கு இல்லியே."

அவள் இறங்கினாள். நட்ட நடுவில் நின்று பாடியிருக்கலாம், எந்த மூலையிலும் பாடியிருக்கலாம். கால் பழகிய தடத்தில் போயிற்று. நேராகச் சனி மூலைக்குப் போய்க் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, முடியைப் பிரித்து, நட்டு, பிறகு வாயைத் திறந்தாள். ஐயோ, அந்தக் குரல். சேறு அதற்குத் தாளம் போட்டது. மற்ற ஐந்து பேரும் பின்பாட்டோடு நட்டுக்கொண்டே பின்வாங்கினார்கள். நாலு நிமிடம். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நான் வரப்போடு வரப்பாகக் கூடவே நடந்தேன், பெருமையில்தான்.

திருப்பிப் போட்டுக் காட்டினோம். ஒருத்தி தன் குரல் தவளை கத்துகிற மாதிரி இருக்கிறதே என்று சொல்ல, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதுதான் அவர்கள் ஆறு பேரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எங்கள் ஜீப் பாலம் தாண்டியதும் காரியக்காரர் களத்துமேட்டுக்கு ஆள் அனுப்பினார். முதல் கை விழுந்துவிட்டது, வந்து பாருங்கள். அவர்கள் வந்து பார்த்தார்கள். மூலையில் பச்சை நின்றது. சாயங்காலத்துக்குள் அந்த வயல், மறுநாள் அடுத்த வயல். அரைப் படி அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை.

பாட்டு ஒலிபரப்பானபோது ஊருக்குப் போயிருந்தேன். 'நடவுப் பெண்கள் பாடுகிறார்கள்' என்ற அறிவிப்பு நான் எழுதியது. காற்று அன்று எங்கள் பக்கம் வீசித் தொலைத்தது. தெருவில் கதவுகள் சாத்தப்படுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வரிசையில் அம்மாவுக்கு அடுத்து நடுகிற அத்தை மட்டும் வாசலில் நின்று கேட்டாள். பிறகு யாருக்கோ சொல்வதுபோல் எங்கள் வீட்டுக்குச் சொன்னாள்.

"நம்ம அரைப் படிய வித்துட்டு எவ்வளவு நல்லா பாடுறா பாரு."

அவளும்தான் அன்று பின்பாட்டுப் பாடினாள். ஆனால் மூலையில் நட்டது அவள் இல்லையே.

அதன் பிறகு முதல் முடியை அம்மாவிடம் யாரும் நீட்டவில்லை. வரிசையின் கடைசியில் நின்று பேசாமல் நட்டுவிட்டு வருவாள். குரலை எங்கே வைத்தாளோ, தாலாட்டுக்குக்கூட எடுக்கவில்லை.

நிலையத்தில் டேப்புக்குத் தட்டுப்பாடு. பழையதை அழித்துத்தான் புதியதைப் பதிய வேண்டும். அழிக்க வேண்டியதை எடுத்து வைப்பது என் வேலை. ஒருநாள் அம்மாவின் பாட்டு இருந்த டேப்பை நானே எடுத்து அழிக்கிற அடுக்கின் மேலே வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அது இருக்கிறவரை நடந்ததும் இருக்கும் என்று தோன்றியது. அதன் மேல் மேலுரம் இடுவது பற்றி ஒரு பேச்சு பதிவாயிற்று.

எத்தனையோ வருஷம் கழித்து, படுக்கையில் கிடந்த அம்மா தானாகவே கேட்டாள்.

"அந்தப் பாட்டு ஒங்க ஆபீசுல இருக்குமுல்ல?"

"இருக்கும்மா."

"ஒரு தரம் போடச் சொல்லேன். ஒங்கத்தையெல்லாம் கேக்கட்டும். வெல போயிக் குனிஞ்சவ பாட்டு அப்பிடி இருக்காதுடா. கேட்டாலே தெரியும் அவளுக்கு."

சொல்றேம்மா என்றேன். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அது.

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் தலைமாட்டு டிரான்சிஸ்டரைப் போடச் சொல்வாள். நீர்மட்டம் சொல்லி, நெல் விலை சொல்லி முடிகிற வரை கண்ணை மூடாமல் கேட்பாள்.

"இன்னிக்கும் போடலியா?"

"நாளைக்குப் போடுவாங்கம்மா."

நாற்பது நாள் அப்படிச் சொன்னேன்.