சிவப்பு நூல் கட்டிய பிரஷ்

ரவி அண்ணாவின் ரிப்பர் லொறி படலைக்கு வெளியே வந்து நின்றபோது, நான் சுகந்தி அக்காவின் வீட்டு விறாந்தையில் இருந்து பள்ளிச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் அக்காவின் தமையன். அக்கா படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். வழக்கமாக இறங்கும்போதே பகிடி விடுகிறவர், அன்று கதவைத் திறந்துவிட்டு இருக்கையிலேயே இருந்தார். "பிள்ளை, உன்ரை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. எங்கடை அம்மாவுக்குப் பக்கத்திலை ஆராவது இருக்கவேணும்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. எனக்குப் பின்னால் கல் மினுக்கும் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது.

வட்டக்கச்சியில் அக்காவிடம் சட்டை தைத்த உங்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பழைய தையல் மிசின் மோட்டார், இரண்டு குழாய்த் துண்டுகள், அவற்றின் மேல் படுத்தபடி சுற்றும் ஒரு சின்னப் பெயின்ற் வாளி. வாளிக்குள் கல்லும் தண்ணீரும் கல்லைத் தேய்க்கும் தூளும். மூடி இறுகுவதற்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டிருந்தோம். "என்ன பிள்ளை, உள்ளுக்கை கோழியே அவிக்கிறியள்?" என்று கேட்டவர்களும் உங்களில் இருக்கிறீர்கள்.

பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடம் போவதை விட்டேன். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அக்காவிடம் தையலுக்குப் போன முதல் மாதத்தில் "ஓம்" என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அக்கா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒருநாள் ரவி அண்ணா ஏற்றிவந்த கிரவல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கல்லை எடுத்து, தண்ணீரில் நனைத்து என் கையில் வைத்தார். "வடிவோ?" "ஓம்." காய்ந்ததும் அது வெறும் செங்கல் துண்டுபோல் ஆனது. அக்கா சிரித்தார். "ஈரத்திலை எல்லாக் கல்லும் வடிவுதான். காயவிட்டுப் பாக்கவேணும்."

அந்தக் கல்லுக்கு ஜாஸ்பர் என்று பெயர் என்பதைப் பிறகுதான் இருவரும் கைபேசியில் கண்டுபிடித்தோம். பாதி விளங்காத காணொளிகளைப் பார்த்துப் பார்த்து உருளையைக் கட்டினோம். முதல் மோட்டார் எரிந்தது. இரண்டாவதன் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் ஒரு வாளியை உடைத்தோம். ஜாஸ்பரின் நடுவே மென்மையான நரம்பு ஓடும். கல் மினுங்க வரும் நேரத்தில் நரம்பு மட்டும் தேய்ந்து பள்ளமாகும். வெளிநாட்டிலிருக்கும் சிநேகிதி அக்காவுக்கு ஏழு அகேற் கற்கள் அனுப்பியிருந்தார். வரி வரியாக இருக்கும். அவற்றில் உள்வெடிப்பு இருந்தால் உருளைக்குள் உடைந்து மற்றவற்றையும் கீறிவிடும். "இது சொல்வழி கேளாத கல்லு. பிள்ளையைப்போலை இல்லை" என்பார் அக்கா.

தூள் நான்கு வகை. முதலாவது சீனிபோல் கரடாக இருக்கும், கடைசி முகப்பவுடர்போல் இருக்கும். ஒன்று முடிந்து அடுத்ததைப் போடுமுன் கல்லையும் வாளியையும் கழுவவேண்டும். கழுவுவது என் வேலை. ஏழு அகேற்களும் நல்ல ஜாஸ்பர்களும் இருந்த தொகுதியில், மூடியின் ரியூப் மடிப்பை நான் கழுவவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற அவசரம். மடிப்புக்குள் இருந்த கரட்டுத்தூள் கடைசித் தூளோடு கலந்துவிட்டது. திறந்து காயவிட்டபோது ஒவ்வொரு கல்லிலும் கீறல். அக்கா ஒன்றை வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சரி, இரண்டாம் தூளிலை இருந்து திருப்பித் தொடங்குவம்" என்றார். மறுநாள் குழாயடியில் ஒரு புதுப் பல்விளக்கும் பிரஷ் தொங்கியது. அதன் பிடியில் சிவப்புத் தையல்நூல் சுற்றியிருந்தது. "இது மூடிக்கு மட்டும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை. இன்று உங்களுக்கு முன்னால் எழுதுகிறேன். அந்தத் தவறு இல்லாவிட்டால் அந்தக் கற்கள் ஒரு மாதம் முந்தி முடிந்திருக்கும். அக்கா பார்த்திருப்பார்.

டெங்குக் காய்ச்சல் என்று வார்டில் படுத்திருந்தபோது அக்கா கைபேசியில் அழைத்தார். "பிள்ளை, உருளைக்குக் கிட்ட போனைப் பிடி." பிடித்தேன். "தண்ணி காணாது, வறண்டு கேக்குது. கொஞ்சம் விடு." விட்டேன். "இப்ப சரி. வெள்ளிக்கிழமை திறப்பம். நான் வராமல் திறக்காதை, என்ன?" "ஓம்" என்றேன். அக்காவுடன் நான் கதைத்த கடைசிச் சொல் அதுதான். வியாழன் காலை அண்ணா வந்தார்.

வெள்ளிக்கிழமை வீடு நிறைய ஆட்கள். "ஆர் இது, செத்த வீட்டிலை மிசினைப் போட்டு வைச்சிருக்கிறது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நிறுத்தினால் உள்ளே சேறு இறுகிவிடும். கழுவி எடுக்கலாம் என்றால், திறக்கக்கூடாது என்பது அக்காவின் சொல். இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களை "கல்லுருட்டியள்" என்று நக்கலடிக்கும் ரவி அண்ணாதான் எழும்பினார். "அது ஓடட்டும் ஐயா. தங்கச்சி ஓடவிட்டிட்டுப் போனது."

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பின்னும் அது ஓடியது. நான் காலையும் மாலையும் போய் மோட்டாரைத் தொட்டுச் சூடு பார்த்தேன், சத்தம் கேட்டேன். வறண்டு கேட்கவில்லை. தண்ணீர் விடவாவது மூடியைத் திறக்க ஒரு காரணம் கிடைக்காதா என்றிருந்தது. ஒருநாள் அக்காவின் அம்மா பக்கத்தில் வந்து இருந்தார். "திற பிள்ளை. அவள் பாக்கேல்லை. நானாவது பாக்கவேணும்."

மோட்டாரை நிறுத்தினேன். இவ்வளவு நாள் அந்தச் சத்தத்துக்குள் இருந்த வீடு அது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கற்களைக் கழுவிச் சுளகில் பரப்பினேன். "எவ்வளவு வடிவு" என்றார் அம்மா. "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, காயவிட்டுப் பாப்பம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

காய்ந்தன. ஏழு அகேற்களும் ஈரத்தில் இருந்தது போலவே இருந்தன. கீறல் ஒன்றும் இல்லை. ஒரு ஜாஸ்பரில் மட்டும் நரம்புப் பள்ளம் அப்படியே இருந்தது.

கற்கள் அம்மாவிடம் இருக்கின்றன. அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பையில் வைத்திருக்கிறார். போகிறவர்கள் பாருங்கள், நனைக்காமல் பாருங்கள். எனக்கும் ஒன்றை எடுக்கச் சொன்னார். நான் பிரஷைக் கேட்டு வாங்கினேன். ரவி அண்ணா கொண்டுவந்த புதுக் கற்கள் இப்போது உருளையில் முதல் தூளில் இருக்கின்றன. மூடியை நான்தான் கழுவுகிறேன். சிவப்பு நூல் கொஞ்சம் வெளிறிவிட்டது.