தலைவருக்குத் தைத்த பெல்ட்

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தடித்த நாடாவை இரும்பு வளையத்துக்குள் நுழைத்து, மடித்து, முனையை நாடாவின் மேலேயே பொருத்திப் பிடிக்கின்றன. இடது உள்ளங்கை அழுத்திக்கொள்ள, வலது கை மெஷின் சக்கரத்தைத் தானே சுற்றி ஊசியை இறக்குகிறது. முதல் குத்தை மோட்டாரிடம் விடும் பழக்கம் அந்தக் கைகளுக்கு இல்லை. பிறகுதான் கால் அழுந்துகிறது. தையல் ஒரு பெட்டி வரைகிறது, பெட்டிக்குள் ஒரு பெருக்கல் குறி. அது ஒரு சுற்று. அதே தடத்தில் இன்னொரு சுற்று. இரண்டாவது முடிந்ததும் கைகள் நின்றுவிட்டன. மூன்றாவது சுற்றுக்கு வேண்டிய நூல் பாபின் உருளையில் மிச்சம் இருந்தும் தைக்கவில்லை.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியைத் தையல் பகுதியில் எல்லோரும் நீலம் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட் தைக்கும் கம்பெனி அது. தையல்காரிகள் பதினாலு பேர், பதினாலு பேருக்கும் ஆளுக்கொரு நிறத்தில் நூல். வளையத்தை நாடாவோடு சேர்க்கும் தையலை முடித்த பின் கடைசியாக ஏழு குத்து அவரவர் நிறத்தில் போட வேண்டும். இவளுக்கு நீலம். பக்கத்து மெஷின்காரிக்கு மஞ்சள், அவளை அழைப்பதும் மஞ்சள் என்றுதான். ஒரு பெல்ட் பிய்ந்து திரும்பி வந்தால், யார் தைத்தது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒன்று திரும்பி வந்தது. நீல நூல். ஒரு பெயின்டர் இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்திருந்தான். கீழே மணல் குவித்திருந்ததால் மணிக்கட்டோடு போயிற்று. கம்பெனியை ஆரம்பித்தவர், எல்லோரும் பெரியவர் என்று அழைப்பவர், இவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பையை எடுத்துக்கொண்டே போனாள், திரும்பி வந்து எடுக்க விடுவார்களோ என்னவோ என்று.

"என்னம்மா ஆச்சு?"

"பாபின் நூல் தளர்ந்திருந்துச்சுங்க ஐயா. மூணாவது சுத்துல பார்த்தேன். பிரிச்சுத் தைக்கணும்னு நினைச்சேன். சாப்பாட்டு மணி அடிச்சிடுச்சு. வந்து மறந்துட்டேன்."

பெரியவர் அந்தக் கிழிந்த பெல்ட்டை மடியில் வைத்து, பிரிந்த நூலை விரலால் நீவினார். "நீ தச்ச. வெளிய அனுப்பினது நான்தானே?" என்றார். "கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

இருவருமாகப் போனார்கள். அந்த வாரம் முழுக்க இருப்பில் இருந்த இருநூற்றுப் பத்து நீல நூல் பெல்ட்டையும் அவளே பிரித்து அவளே தைத்தாள். அடுத்த மாதம் முதல் வேலைநாளில், யாரும் எதிர்பார்க்காமல், பெரியவர் கிடங்கிலிருந்த இரும்பு மேடைமேல் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு குவியலில் இருந்து ஒரு பெல்ட்டை உருவி, மாட்டி, கயிற்றைக் கொக்கியில் போட்டுக்கொண்டு காலை வெளியே எடுத்து வைத்தார். பத்து நிமிடம் தொங்கினார். தொங்கிக்கொண்டே டீ குடித்தார். அன்று முதல் மாதாமாதம் அப்படித்தான்.

"ஐயா, இன்னைக்கு யார் பெல்ட்டுங்க?" என்று கீழிருந்து மஞ்சள் கத்துவாள்.

"உன்னோடதுதான். இடுப்ப இப்படிக் கடிக்குதே, உன் வாய வச்சுத் தச்சியா?"

அறுபத்தெட்டு வயது வரை தொங்கினார் அந்த மனிதர். பாதுகாப்பு, பொறுப்பு என்று சுவரில் ஒரு வார்த்தை எழுதி வைத்ததில்லை. யாரோ எடுத்த ஒரு போட்டோ மட்டும் கிடங்கில் மாட்டியிருந்தது: அந்தரத்தில் பெரியவர், கையில் டீ டம்ளர்.

மணிக்கட்டு உடைந்த பெயின்டரைப் பார்க்க நீலம் அதன் பிறகும் நாலைந்து முறை போனாள். ஆறாவது முறை போக வேண்டியிருக்கவில்லை, கல்யாணம் ஆகிவிட்டது. "ஊர்ல எல்லாரும் கையப் பிடிச்சுக் கல்யாணம் பண்ணுவாங்க, இவ உடைச்சுட்டுப் பண்ணிக்கிட்டா" என்று அவன் இன்றைக்கும் வருகிற போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பெரியவர் காலமானார். பிள்ளைகள் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனிக்கு விற்றார்கள். புதுத் தலைவர் வந்தார். வந்ததும் நடந்த முதல் வேலை, நுழைவாயில் சுவரில் ஐந்து கொள்கைகளைக் கண்ணாடி எழுத்தில் பதித்தது. நேர்மை, ஒற்றுமை, பாதுகாப்பு, மரியாதை, முன்னேற்றம். ஒரு எழுத்துக்கு நாலு திருகாணி. ஒற்றெழுத்தின் புள்ளிக்குத் தனியாக இரண்டு. எழுத்து விழுந்துவிடக் கூடாதே! எழுத்துமேல் காட்டிய அந்த அக்கறையை அதை மாட்டியவன்மேல் யாரும் காட்டவில்லை. பதினைந்தடி ஏணியின் உச்சிப் படியில் வெறும் இடுப்போடு நின்று, 'பாதுகாப்பு' என்ற சொல்லைத் திருகிக்கொண்டிருந்தான். பெல்ட் தைக்கிற கம்பெனியின் வாசலில்! நீலம்தான் உள்ளே ஓடி ஒரு பெல்ட்டை எடுத்து வந்து, "தம்பி, இதப் போட்டுக்கிட்டு மீதிய மாட்டு" என்று கொடுத்தாள்.

அடுத்ததாகக் காதோரம் மைக் மாட்டிய ஒரு அம்மாள் வந்து, கம்பெனிப் பண்பாடு என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தாள். எல்லோரும் வட்டமாக நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். "உங்களுக்குப் பிடிச்ச விழுமியம் என்ன?" என்று அவள் மைக்கை நீட்டியபோது மஞ்சள், "மத்தியான மணிதாங்க" என்றாள். வகுப்பு கலகலத்துப் போயிற்று.

சிரித்தது அத்தோடு சரி. ஒரே குடும்பம் என்று ஆகிவிட்டதால் இனி ஆளுக்கொரு நிறம் கிடையாது, எல்லோருக்கும் கறுப்பு நூல் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஏழு குத்தும் நிறுத்தம். தனி ஆள் பெருமை ஒற்றுமைக்கு எதிரானதாம். அதில் எங்கே பெருமை இருந்தது? அந்த நூல், தப்பு செய்தால் நான்தான் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அதைப் பிடுங்கிவிட்டு ஒற்றுமை என்று பெயர் வைத்தார்கள்.

ஏன் பிடுங்கினார்கள் என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. வளையத் தையல் இனி இரண்டு சுற்று போதும் என்று அடுத்த அறிவிப்பு. தையலுக்கு மேல் கம்பெனிப் பெயர் போட்ட துணிச் சீட்டு ஒன்று மூடியாக வருகிறது. அதைத் தூக்கிப் பார்த்தாலொழிய எத்தனை சுற்று என்று யாருக்கும் தெரியாது. ஆய்வில் தேறிய முறை என்று கீழே எழுதியிருந்தது. ஆய்வுக்குப் போன ஆறு பெல்ட்டையும் தைத்தது நீலம். ஆறிலும் மூன்று சுற்று.

சூப்பர்வைசரிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

"சார், சோதனைக்கு மூணு சுத்து தச்சுக் கொடுத்தேன். இப்ப ரெண்டுன்னு ஒட்டியிருக்கீங்க."

"அது மாதிரிக்கு அனுப்பினதும்மா."

"மாதிரின்னா சரக்கும் அது மாதிரி இருக்கணும்ல சார்?"

"மேலேருந்து வந்த உத்தரவு. ஒரு பெல்ட்டுக்கு ஒண்ணரை நிமிஷம் மிச்சம், தெரியுமா? எல்லாத்துக்கும் குறுக்கே நிக்காதீங்க. நம்ம கொள்கைல ரெண்டாவது என்ன? ஒற்றுமை."

"மொதல்ல இருக்கிறது என்ன சார்?"

அவர் கையிலிருந்த தாளைப் புரட்ட ஆரம்பித்தார்.

வாசலில் நேர்மைப் பெட்டி என்று ஒன்று வைத்திருந்தார்கள். மனதில் பட்டதை எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம், எல்லாம் நேரே தலைவருக்குப் போகும். நீலம் பெயர் போட்டே எழுதினாள். மறுநாள் காலை அந்தத் தாள் சூப்பர்வைசர் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் இருந்தது. பெட்டிச் சாவி அவரிடம்தான் இருந்ததாம். "உங்க கையெழுத்து அழகா இருக்கும்மா" என்றார். அன்றைக்கே அவளை ஜன்னலோர மெஷினிலிருந்து தூக்கி, கழிப்பறைச் சுவரை ஒட்டிய மெஷினில் போட்டார்கள். அதுதான் நாலாவது கொள்கை, மரியாதை.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு சாயங்காலம், வீட்டில். பெயின்டர் புது பெல்ட் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"உங்க கம்பெனி சரக்குதான். கான்ட்ராக்டர் நாப்பது பேருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கார். பதினோராவது மாடிக்கு இனிமே இதான் மாப்பிள்ளைக் கோலம்."

அவள் சிரிக்கவில்லை. பெல்ட்டை வாங்கி வளையத்துக்கு மேலிருந்த சீட்டைத் தூக்கினாள். கறுப்பு நூல். இரண்டு சுற்று. விளக்குக்கு அடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் தைத்தது என்று தெரியவில்லை. தான் தைத்ததா என்றும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் தன் தையலைத் தனக்கே அடையாளம் தெரியாமல் போனது அன்றுதான்.

"இதப் போடாதீங்க."

"போடலேன்னா வாசல் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்கம்மா."

"நாளைக்கு எடுத்துட்டுப் போய் மூணாவது சுத்து போட்டுத் தரேன்."

அவன் உடைந்து கூடிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டான்: "எனக்குப் போட்டுடுவ. மத்த முப்பத்தொம்பது பேருக்கு?"

அவள் தூக்கிய சீட்டை மறுபடி தையலின் மேல் மடித்து வைத்தாள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் பல்லெல்லாம் தெரிய அவள் மெஷினுக்கு வந்தார். கொள்கை தினம் என்று ஒரு விழாவாம். பெல்ட் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். கிடங்கில் இருந்த பெரியவரின் போட்டோவை யாரோ தலைவருக்குக் காட்டியிருக்கிறார்கள். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. தானும் அதே மேடையிலிருந்து தொங்கிக் காட்டுவதாகச் சொல்லிவிட்டார்.

"தலைவருக்கு ஒரு பெல்ட் வேணும். உங்க கை மாதிரி வராது. நாலு சுத்து போடுங்க."

"நாலா சார்?"

"அஞ்சு போட்டாலும் சரிம்மா. தொங்கப் போறது யாருன்னு தெரியும்ல?"

தெரிந்தது. தொங்கப் போவது யார் என்று பார்த்துச் சுற்றுகளை எண்ணுகிறார்கள் என்பதும் தெரிந்தது. பதினோராவது மாடிக்கு இரண்டு; பன்னிரண்டடி மேடையில், கீழே மெத்தை போட்டு, பத்து நிமிடம் சிரிக்கிறவருக்கு ஐந்து.

"அறிவிப்புல இருக்கிற முறைப்படி தச்சுத் தரேன் சார்" என்றாள்.

"அதான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காதில் விழுந்ததை அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

அப்படித் தைத்ததுதான் இந்த பெல்ட். இரண்டு சுற்று முடிந்து கைகள் நின்ற இடம் அதுதான். விழாவுக்கு இன்னும் அரைமணி நேரம். நீலம் பையிலிருந்து பழைய நூல்கண்டை எடுத்து, ஊசியில் கோர்த்து, வளையத்துக்குக் கீழே ஏழு குத்து போட்டாள். நீலம்.

மஞ்சள் அந்தப் பக்கமாக வந்தவள் நின்றுவிட்டாள். "அடியே, வேலை போயிடும்டி."

"போகட்டும்க்கா."

"உனக்கென்ன, பெயின்டர் சம்பாதிச்சுப் போடுவான்."

"அவர் இருந்தாத்தானே போடுவார்?"

 மஞ்சள் போய்த் தன் மெஷினை அணைத்துவிட்டு வந்து, "நட, நானும் வரேன். ஒத்தையில நின்னா உன்ன மென்னு தின்னுடுவானுங்க" என்றாள்.

கிடங்கை ஜோடித்திருந்தார்கள். மேடைக்குக் கீழே மூன்றடுக்கு மெத்தை. நாற்காலிகளில் விருந்தாளிகள். பின்வாசலில் ஒரு லாரி, ஆயிரத்து இருநூறு பெல்ட் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, மத்தியானம் புறப்படத் தயாராக நின்றது. தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம். இரண்டு சுற்று விவகாரம் அவருக்குத் தெரியுமா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடும் வசதி அவருக்கு இருந்தது. பதினோராவது மாடிக்காரனுக்கு இல்லை.

"இவங்கதான் சார் நம்ம சீனியர்" என்று சூப்பர்வைசர் அவளை முன்னால் விட்டார்.

நீலம் இரண்டு கையிலும் பெல்ட்டை ஏந்தி, அவர் பார்க்கும்படி வளையத்துக்கு மேலிருந்த சீட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

"சார், வளையத்துல ரெண்டு சுத்து போட்டிருக்கேன். பெரியவர் காலத்துல மூணு. சோதனைக்குப் போனதும் மூணு. இப்ப வெளிய போற எல்லாத்துலயும் ரெண்டுதான். அதே பெல்ட்டத்தான் உங்களுக்கும் தச்சிருக்கேன்."

சூப்பர்வைசர் குனிந்து தையலைப் பார்த்தார்.  நாற்காலி வரிசை, போட்டோக்காரர் எல்லாம் மறந்துபோய், "சார், வேண்டாம் சார், இதப் போடாதீங்க!" என்று கத்திவிட்டார்.

 விருந்தாளிகள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன் சார்?" என்றாள் நீலம். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு போதும்னு நீங்கதானே எழுதி ஒட்டுனீங்க?"

அவர் கையை நீட்டிச் சீட்டை இழுத்துத் தையலை மூடப் பார்த்தார்.

"இவர் போடக்கூடாதுன்னா, அந்த லாரியில இருக்கிறத யார் போடணும்?"

பின்னாலிருந்து மஞ்சள், "சொல்லுங்க சார், ஒரே குடும்பம்தானே!" என்றாள்.

எல்லோரும் லாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நீல நூலின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார்.

"நான் தச்சதுன்னு அர்த்தம் சார். பிஞ்சா என்னக் கேக்கலாம்."

அவர் மேடையைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். சுவரில் டீ டம்ளரோடு தொங்கிக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், இரண்டு கையையும் நீட்டினார்.

நீலம் வளையம் அவர் பக்கமும் தையல் மேல் பக்கமும் இருக்கும்படி பெல்ட்டைத் திருப்பி வைத்தாள். முழுக் கனமும் அந்தக் கைகளில் இறங்கும்வரை பிடித்திருந்துவிட்டு, தன் கைகளை எடுத்துக்கொண்டாள்.