வெள்ளைக் கோட்டிலிருந்து எங்கள் பத்தி வரை

புஸ்ஸ்ஸ்...

பஸ் பிரேக் பிடித்துக் காற்று விடுகிற அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இப்பவும் இஞ்சித் தேத்தண்ணி மணக்கும். கனகராயன்குளத்தில் எங்கள் கடைக்கு முன்னால் யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்து நின்றுவிட்டது என்பதற்கு அதுதான் மணி.

பெரிய கடை இல்லை. உள்ளே குசினியும் ஒரு கண்ணாடி அலுமாரியும். முன்னால் கம்பு நட்டுத் தகரக் கூரை போட்ட பத்தி. பத்திக்குக் கீழே சனம் இருக்கச் சில வாங்குகள், மூலையில் ஒரு மேசை. அது டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் மட்டும். அவர்களிடம் காசு வாங்க மாட்டோம். அந்த வீதி நெடுகிலும் அதுதான் வழக்கம்... டிரைவரின் வயிறு நிறைந்தால்தான் எங்கள் வாங்கு நிறையும்.

எனக்கு இரண்டு வேலை. ஒன்று கோப்பை கழுவுவது. மற்றது குழப்படி.

நித்திரையில் கிடக்கிறவர்களின் யன்னலுக்குக் கீழே நின்று, "யாழ்ப்பாணம் வந்திட்டுது, இறங்குங்கோ!" என்று கத்துவேன். பாதிப் பேர் பையோடு பாய்ந்து இறங்குவார்கள். பிறகு வெட்கத்தை மறைக்க ஒரு பிளேன் ரீ குடிப்பார்கள். அப்பா பிடிதுணியால் எறிவார்... ஆனால் ரீயை ஊற்றிவிட்டுத்தான் எறிவார்.

அக்கா அப்போது கொழும்பில் ஒரு தனியார் கம்பஸில் கட்டடம் அளக்கவும் பிளான் கீறவும் படித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கக் கம்பஸ் மயிரிழையில் தவறிப்போனது. அதனால் அவளுடைய படிப்பு முழுவதும் எங்கள் எண்ணெய்ச் சட்டியில்தான் பொரிந்துகொண்டிருந்தது. வடைத் தட்டு விடுதிக் காசு, ரோல்ஸ் தட்டு கம்பஸ் காசு என்று நான் பெயர் வைத்திருந்தேன்.

"அப்பா, ரெண்டாம் செமஸ்டர் முடியுது! கெதியாச் சுடுங்கோ!"

சனம் ஒன்றும் விளங்காமல் பார்க்கும். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரும்.

பிறகு பிரதேச சபையில் இருந்து ஆட்கள் வந்தார்கள். பத்தி வீதி எல்லைக்குள் நிற்கிறது, கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்றார்கள்.

அப்பாவால் நம்ப முடியவில்லை. சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில், வீதி குண்டும் குழியுமாகக் கிடந்தபோது, தார் முடிகிற இடத்தில் இருந்து அளந்து அவரே நட்ட கம்புகள் அவை. எல்லாரும் அப்படித்தான் அளந்தார்கள். பிறகு வீதியை அகலமாக்கிக் காப்பெற் போட்டார்கள். தார் எங்களை நோக்கி நடந்து வந்தது. அப்பாவின் கம்பு நின்ற இடத்திலேயே நின்றது.

வவுனியாவில் ஒரு லோயரிடம் போனோம்.

"வழக்குப் பேசலாம் அண்ணை. ஆனா ஆரும் வடிவா அளந்து ஒரு பிளான் கீறித் தரவேணும். தூரம் சரியெண்டா ஒருத்தரும் தொடேலாது."

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "அதுக்கேன் வெளியில ஆள்? என்ர பிள்ளை படிக்கிறதே உதுதானே!"

அக்கா வந்தாள். எங்கள் பஸ்ஸிலேயே வந்து, எங்கள் கடை வாசலிலேயே இறங்கினாள். அடுத்த நாள் விடிய, வாகனம் குறைந்த நேரமாகப் பார்த்து, அளக்கப் போனோம்.

நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் தார் ஓரத்தில் நின்றேன்.

"அங்க இல்லையடி. நடு றோட்டுக்குப் போ. அந்த வெள்ளைக் கோட்டில பிடி."

"ஏன் பிள்ளை, தார் முடியுற இடத்தில இருந்தெல்லோ?" என்றார் அப்பா.

"இல்லையப்பா. நடுவில இருந்துதான் கணக்கு."

நான் நடு வீதியில் நின்று பொலிஸ்காரன் மாதிரிக் கை காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா அளந்தாள். திரும்பவும் அளந்தாள். பிறகு கம்பைப் பிடித்தபடி குனிந்துகொண்டே இருந்தாள்.

"றோட்டு எல்லைக்கு உள்ளுக்குத்தான் நிக்குதப்பா."

"நாடாவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா வராதே?"

"நாடா இழுபடும். றோட்டு இழுபடாதப்பா."

அப்பா நாடாவைச் சுற்றி வைத்தார். உள்ளே போய் மூன்று ரீ ஊற்றிக்கொண்டு வந்தார். டிரைவரின் மேசையில் முதல் தரமாக நாங்கள் மூன்று பேரும் இருந்து குடித்தோம். கோப்பை முடிகிற நேரம் அப்பா அக்காவைப் பார்த்தார்.

"அப்ப... நீ வடிவாத்தான் படிச்சிருக்கிறாய்."

அக்கா அழுதாள்.

வழக்குக்கு முதலே அப்பா தகரத்தைத் தன் கையால் கழற்றினார். வெயிலில் இருந்து ரீ குடிக்க யார் வருவார்கள்? அங்காலே புதிதாக ஒரு ஹோட்டல், பெரிய கூரை, பஸ் நிறுத்த விசாலமான இடம். எங்கள் டிரைவர் அண்ணை சில நாள் இறங்கி, "சனம் நிழல் கேக்குது அண்ணை, நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஹோர்ன் மட்டும் அடித்தார்.

அடுத்த செமஸ்டருக்கு அக்கா போகவில்லை.

இப்போது அவள் வவுனியாவில் ஒரு கடையில் மற்றவர்களின் வீட்டுக்குப் பிளான் கீறுகிறாள். படிப்பு முடியாததால் அவளால் கையெழுத்துப் போட முடியாது. கீறுவது அவள், கீழே பெயர் வேறு யாருடையதோ. வீதியில் இருந்து எவ்வளவு தள்ளிக் கட்டவேண்டும் என்று வருகிறவர்களிடம் பொறுமையாகச் சொல்வாளாம்.

கடையை மூடிவிட்டோம், அந்த மேசை இப்போது வீட்டில். இந்த வருசம் எனக்கு ஏ.எல். சோதனை. கோப்பை வைத்த வட்டங்களுக்கு மேல்தான் புத்தகம் விரிக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அப்பா கேட்டார். "நீ என்ன படிக்கப் போறாய்?"

"ஒண்டையும் அளக்காத படிப்பாப் பாத்துப் படிக்கிறனப்பா."

சிரித்தார்... எத்தனையோ நாளைக்குப் பிறகு. அந்த நேரம் பார்த்து வீதியில் பஸ் ஹோர்ன் அடித்தது. அப்பா சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு எழும்பிக் குசினிக்குப் போனார்.

கேத்தல் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அவர் இன்னும் பஸ் வருகிற நேரத்துக்குத்தான் தண்ணீர் வைக்கிறார்.