வெளுக்காத துணியில் ஒரு கல்யாண கவுன்

மாப்பிள்ளையின் அம்மா துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது.

கோட்டாற்றில் கல்யாண கவுன் தைக்கும் கடையொன்றில் நான் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். பொம்பளை மாஸ்டரா என்று முகம் சுளித்தவர்களின் மகள்களுக்கும் நான்தான் வெட்டினேன். எங்கள் பக்கத்து கிறிஸ்தவக் கல்யாணங்களில் பெண்ணின் உடுப்பு பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. துணி, டிசைன் எல்லாம் அவர்களே சொல்வார்கள். பெண் அளவு கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

தேங்காய்ப்பட்டணத்து ஷைனி அப்படிப் போகிற பெண் இல்லை. துணியை அவளே கொண்டு வந்திருந்தாள். சாயம் ஏற்றாத, வெளுக்காத கைத்தறிப் பருத்தி.

"அக்கா, நைலான் நெட்டு வேண்டாம். எங்க அப்பா வலையில மீனைவிட நைலானும் பிளாஸ்டிக்கும்தான் கேறி வருது. அதையே உடுத்திட்டு நான் எப்படிக் கோயிலுக்குப் போக?"

கூட வந்திருந்த வருங்கால மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "ஏட்டி, செத்தவங்களுக்குப் போடுத துணி மாதிரில்லா இருக்கு. எம்மவன் கல்ஃபுல இருக்கான். ஊர்ல நாலுபேரு என்ன சொல்லுவாவ?"

வெளுக்காத புதுத்துணியைப் பிணத்தின் மேல்தான் போடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கடை முதலாளி என் பக்கம் குனிந்தார்.

"மக்கா, அவியதான் ரூவா தாறாவ. பேசாம நெட்டுல தச்சுக் குடு."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கத்தரி வைக்கும் வரை யாரும் எதையும் மாற்றலாம். வைத்த பிறகு ஆர்டர் ஆர்டர்தான். அதனால் மாஸ்டர் கடைசியாக ஒருமுறை 'வெட்டட்டா?' என்று கேட்பார். பணம் கொடுப்பவரைப் பார்த்துத்தான் கேட்பார். நான் ஷைனியைப் பார்த்துக் கேட்டேன்.

"மக்கா, வெட்டட்டா?"

"வெட்டுங்க அக்கா."

வெட்டினேன்.

"அப்போ இதுக்கு எங்க வீட்டுலேருந்து சல்லிக்காசு வராது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கிப் போனார்.

செலவு

நெட் கவுனைவிட அது அதிகமாகத்தான் ஆனது. கைத்தறிக்கு அகலம் குறைவு, அதனால் துணி கூடுதல், ஜாயின்ட் கூடுதல். பாலியஸ்டர் நூல் கூடாது என்றாள். பருத்தி நூல் மெஷினில் அறுந்துகொண்டே இருந்தது. ஜிப்புக்குப் பதில் முதுகு நெடுகத் துணி பொதிந்த பட்டன், கையால் தைத்த லூப். கவுனைக் குடை மாதிரி நிறுத்துகிற கேன்கேன் நெட்டும் கிடையாது. பருத்தியிலேயே உள்பாவாடைக்கு அடுக்கடுக்காக ஃபிரில் வைத்துக் கஞ்சி போட்டேன்.

ஷைனி தனியார் பள்ளி டீச்சர். மேக்கப்பையும் ஆல்பத்தையும் விட்டுவிட்டு அந்தப் பணத்தைக் கவுனுக்குக் கொடுத்தாள். நான் கூலியைக் குறைக்கவில்லை, அவளும் குறைக்கச் சொல்லவில்லை. இயற்கையைக் காப்பாற்றுகிறேன் என்று வருகிறவர்கள் சிலர் முதலில் தையல்காரியின் வயிற்றில்தான் அடிப்பார்கள். இவள் அடிக்கவில்லை.

"இனி நீ இந்த மாதிரி ஆர்டர் எடுத்தியானா வேற கடை பாத்துக்க" என்றார் முதலாளி.

"பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றேன். பார்த்துக்கொண்டேன். கடன் வாங்கிப் போட்ட ஒற்றை மெஷின்தான் என் சொந்தக் கடை.

கல்யாணம்

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெரிய பெட்டியில் நெட் கவுன் வந்தது. ஷைனி பெட்டியைத் திறக்கவே இல்லை. அன்றைக்குப் பார்த்துக் கடற்கரையில் காற்று இல்லை, புழுக்கம். பூசை பாதியிலேயே கஞ்சி இளகி, கவுன் தொய்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். திரும்பி முறைத்தேன். அவளோ தொய்ந்த துணியை ஒரு கையில் கூட்டிப் பிடித்தபடி நிமிர்ந்து நடந்து போனாள். போட்டோவில் மாமியார் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விடப்போவதில்லை. அந்த வீட்டில் அவள் நிறையப் பேச்சு வாங்கினாள்.

ஒருநாள் மாமியாரும் மருமகளும் குழந்தையோடு என் கடைக்கு வந்தார்கள். மாமியார் பையிலிருந்து எடுத்தது அதே கவுன்.

"கொச்சுக்கு ஞானஸ்நானம். கடையில எடுத்த நெட்டு ஃபிராக்கைப் போட்டா மேலெல்லாம் தடிச்சுப் போவுது. இதுல ஒண்ணு தச்சுத் தா பிள்ளே."

"இது செத்தவங்களுக்குப் போடுத துணியாச்சே மாமி?"

கேட்காமல் விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. அவர் குழந்தையின் கழுத்துத் தடிப்பைத் தடவினார். நான் கவுனை மேஜையில் விரித்துக் கத்தரியை எடுத்தேன்.

"ம், வெட்டு" என்றார்.

நான் வெட்டவில்லை. "கவுன் அவளுக்கு உள்ளது மாமி" என்று சொல்லிவிட்டு ஷைனியைப் பார்த்தேன். "மக்கா, வெட்டட்டா?"

அவள் மாமியாரைத் திரும்பிப் பார்க்காமலே தலையாட்டினாள்.

புதிதாகக் கத்தரி பிடிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரூபாயை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டட்டா என்று மட்டும் துணிக்கு உரியவளிடம் கேளுங்கள். அதற்காக வேலை போனாலும் போகட்டும். எனக்கும் போனது, நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.